பக்கவாட்டில் வந்த பந்துகள்

அத்தியாயம் 11

கரும்பு லாரி ஆலைக்குள் வரும்போது ஒரு எடை. சரக்கை இறக்கிவிட்டு வெளியே போகும்போது ஒரு எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கரும்பு. டிரைவர் என்ன கதை சொன்னாலும், எவ்வளவு உயரமாக அடுக்கிக் கட்டியிருந்தாலும் அது எடையில் சேராது. ஆலையின் எடைமேடையில் பதினோரு வருஷம் உட்கார்ந்த தோராவுக்கு இதைத் தவிர வேறு நியாயம் தெரியாது.

தம்பி ஜூனாரையும் அவள் அப்படித்தான் எடை போட்டாள். அவன் கூடைப்பந்துக் களத்துக்குள் போகும்போது இரண்டு அணிக்கும் என்ன புள்ளி, வெளியே வரும்போது என்ன புள்ளி. நடுவில் இருக்கும் வித்தியாசம் எவ்வளவோ, அவ்வளவுதான் அவன்.

அதையெல்லாம் அவள் எழுதி வைத்த நோட்டுதான் போன வார வியாழக்கிழமை அவனைக் காப்பாற்றியது. ஆறடி ஒன்பது அங்குல ஆள், ஆட்டத்துக்கு நாலு புள்ளி போடுகிறான், கைக்கு வரும் பந்தைக் கோட்டை விடுகிறான் என்று கோச் நார்டிங் அவனை அணியிலிருந்து தூக்கவே முடிவு செய்திருந்தார். தோரா நோட்டை அவர் முன்னால் விரித்தாள். ஒன்பது ஆட்டம். ஜூனார் உள்ளே நின்ற நேரத்தில் ஆலை அணிக்கு அறுபத்தொரு புள்ளி கூடுதல். பெஞ்சில் உட்கார்ந்த நேரத்தில் நாற்பத்தெட்டு குறைவு.

"பந்தே பிடிக்காதவன் எப்படிம்மா ஜெயிக்க வைக்கிறான்?"

"அவன் நின்னா எவனும் வளையத்துக்குக் கிட்ட வரமாட்டேங்கறான் சார். பயந்து தூரத்துல இருந்தே எறியறான், தவறுது. வராதவனை யாரு சார் எண்ணறாங்க?"

கோச் அவனை அணியில் வைத்துக்கொண்டார். அந்த நோட்டின் பேச்சு எப்படியோ மனிலா வரைக்கும் போய்விட்டது. அங்கே ஒரு பெரிய அணிக்கு ஆள் தேடும் அல்காந்தாரா என்பவர் சனிக்கிழமை அரையிறுதிக்கு நேரில் வருவதாகச் சொல்லி அனுப்பினார். ஆட்டம் முடிந்ததும் நோட்டு தன் கைக்கு வரவேண்டும் என்றும் சொல்லியிருந்தார்.

இன்று சனிக்கிழமை.

விடிந்ததிலிருந்து அப்பா கிறிஸ்புலோ அடுப்படியில் நின்று கொய்யா இலையும் உப்பும் போட்டுத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். நாற்பது வருஷம் கரும்பு வெட்டி, கட்டுக்கட்டாகச் சுமந்து பலகையேறி லாரியில் போட்டவர். வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு.

"கையை நீட்டுடா தொத்தோ."

செல்லப்பிள்ளை என்பதால் இருபத்தைந்து வயதிலும் அவன் தொத்தோதான். ஜூனார் கைகளை நீட்டினான். உள்ளங்கை இரண்டும் காலை நேரத்திலேயே வியர்த்துக் கொட்டியது.

"பாஸ்மா! பார்த்தியா எப்படி ஊத்துதுன்னு? ஆடிட்டு வந்த சூட்டோட கையை நனைக்காதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். நரம்புல குளிர் இறங்கிடுச்சு. அப்புறம் பந்து எங்க நிக்கும்?"

"நிக்கும்பா. இன்னைக்கு நிக்கும்."

மனிலாக்காரர் அனுப்பிய புது ஷூ பெட்டி திறந்து கிடந்தது. ஜூனார் காலை நுழைத்தான். பாதி போய் நின்றது. எழுந்து மிதித்தான், சுவரைப் பிடித்துக்கொண்டு உதைத்தான். போகவில்லை.

"என்ன நம்பர்டா சொன்னே?" என்றாள் தோரா.

"பதினாலு. போன கிறிஸ்துமஸுக்கு வாங்கினது அதான், மனாங்." அக்காவை அவன் மனாங் என்றுதான் கூப்பிடுவான்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "இன்னும் வளர்றான்டி என் மகன்! மனிலாவுல போய்க் கூரையைப் பிச்சுக்கிட்டு நிக்கப்போறான்!"

ஜூனாரும் சிரித்தான். சிரித்தபோது பற்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தது. இது முன்னால் இருந்ததா என்று தோராவுக்கு ஞாபகம் வரவில்லை. விரல் முட்டாமலிருக்க முனையைக் கிழித்த பழைய ஷூவையே மாட்டிக்கொண்டு அவன் பயிற்சிக்குப் போனான்.

அரவைக் காலம். எடைமேடைக்கு வெளியே லாரி வரிசை மாதா கோயில் வரை நின்றது. ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவில் தோரா நோட்டைப் பார்த்து நல்ல தாளில் படி எடுத்தாள். மனிலா ஆள் கையில் கிழிசல் நோட்டைக் கொடுக்க மனசு வரவில்லை.

அவள் எதையும் அரைகுறையாக எழுத மாட்டாள். ஜூனார் தவறவிட்ட ஒவ்வொரு பந்துக்கும் களத்தைச் சின்னதாக வரைந்து, பந்து எங்கிருந்து வந்தது என்று ஒரு அம்பு போட்டிருந்தாள். எழுதும்போது தனித்தனியாகத்தான் பார்த்தாள். இப்போது ஒன்பது ஆட்டத்தையும் ஒரே தாளில் போட்டபோது பேனா நின்றுவிட்டது.

தவறவிட்டது நாற்பத்தொன்று. முன்னாலிருந்து வந்து தவறியது மூன்று. மீதி முப்பத்தெட்டும் பக்கவாட்டில் வந்தவை. இடப்பக்கம் பாதி, வலப்பக்கம் பாதி. நேர் எதிரே வந்த பந்தை அவன் எவ்வளவு வேகத்தில் வந்தாலும் பிடித்திருந்தான்.

பாஸ்மாவால் வரும் கை நடுக்கம் என்றால் பந்து எந்தப் பக்கம் வந்தால் என்ன?

அவளுக்கு முதலில் தோன்றியது சூழ்ச்சி. பக்கவாட்டில் நின்று பந்து போடுகிறவர்கள் வேண்டுமென்றே கெடுக்கிறார்கள். அதில் முக்கியமானவன் லாரி டிரைவர் ஒம்பாய். அவன் லாரியும் அந்த நேரம் மேடையில் ஏறியது. அவள் எடையைப் பார்க்காமல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏன்டா ஒம்பாய், என் தம்பி மனிலா போறது உனக்கு வயிறு எரியுதா?"

"காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீங்களா மனாங்? என்ன பண்ணேன் நான்?"

"நீ போடற பந்துதான் அவன் கையில நிக்கலே. பதினேழு. எழுதி வச்சிருக்கேன்."

ஒம்பாய் என்ஜினை அணைத்தான். கேலி முகம் மாறியது.

"எழுதறவங்க இதையும் எழுதுங்க. அவன் காதுப்பக்கமா பந்து போகுது, திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேங்கறான். தூண் மாதிரி நிக்கறான். ஜனவரியிலருந்து நான் 'தோர்ரே'ன்னு அவன் பட்டப்பேரைச் சொல்லிக் கத்திட்டுத்தான் போடறேன். சத்தம் வர்ற பக்கம் திரும்பினா பிடிக்கறான். மத்தவனுங்களையும் கத்தச் சொல்லியிருக்கேன். ஊர் நினைக்குது நாங்க உற்சாகத்துல கத்தறோம்னு."

"இதை ஏன் யார்கிட்டயும் சொல்லலே?"

"சொன்னா அவனைத் தூக்கிடுவாங்க. அவன் இல்லாம நாங்க தோத்துடுவோம். உங்க நோட்டு சொல்றது எங்களுக்கு எப்பவோ தெரியும் மனாங்." பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. "பாஸ்மாவா இது? எங்க அப்பனுக்கும்தான் பாஸ்மா. அவருக்குக் கைதான் ஆடுச்சு."

அவன் வண்டியின் எடையைத் தோரா இரண்டு தரம் தப்பாக எழுதி அடித்தாள்.

மதியம் ஷிப்ட் முடிந்ததும் நேரே ஆலை மருந்தகத்துக்குப் போனாள். நர்ஸ் பெர்லா சோற்றில் கை வைத்திருந்தவள், கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள். அம்புகள் போட்ட தாளைப் பார்த்தபிறகு சாப்பிடுவதை நிறுத்தினாள்.

"தலைவலி இருக்கா அவனுக்கு?"

"இருக்கும். சொல்லமாட்டான். மாத்திரை வாங்கிப் போட்டுக்கறான்."

"மோதிரம் போடுவானே, கழட்ட வருதா?"

"அறுத்துத்தான் எடுத்தோம். நவம்பர்ல."

"ஷூ?"

தோரா காலையில் நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போதே அப்பாவின் சிரிப்பு காதில் கேட்டது.

பெர்லா கையைக் கழுவிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் டாக்டர் இல்லே. ஆனா இருபத்தஞ்சு வயசு ஆம்பளைக்குக் கால் வளரக்கூடாது தோரா. கை வளரக்கூடாது, தாடை வளரக்கூடாது. தலைக்குள்ள, கண்ணு நரம்புக்குக் கீழ ஒரு சுரப்பி இருக்கு. அதுல கட்டி வந்தா ஆள் வளர்ந்துக்கிட்டே இருப்பான். கட்டி பெருசாகி நரம்பை அமுக்கினா ரெண்டு ஓரமும் இருட்டும். இது அதுவா இருந்தா, அவன் உயரமே சீக்குதான்."

"திங்கக்கிழமை பகோலோட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"இன்னைக்குப் போ. தலையில அடிபடாம பார்த்துக்கோ. இன்னைக்கு ஆட்டமா? ஆட விடாதே."

வீட்டில் ஜூனார் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பயறுக் குழம்பு, கருவாடு. தலையைத் தட்டுக்கு நேரே வைத்து, குனிந்து. தோரா சத்தமில்லாமல் பின்னால் போய் அவன் காதுக்குப் பக்கத்தில் அகப்பையை நீட்டினாள். ஆட்டினாள். மெல்ல முன்னால் கொண்டுவந்தாள். கன்னத்தைத் தாண்டி, கண் ஓரத்தைத் தாண்டி, மூக்குக்குப் பக்கத்தில் வரும்வரை அவன் மென்றுகொண்டிருந்தான். அப்புறம்தான் துள்ளினான்.

"எப்பலருந்துடா?"

அவன் மறைக்கப் பார்த்தான். அக்காவின் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டான்.

"செப்டம்பர். முதல்ல மேல் ஓரம் மட்டும். இப்ப ரெண்டு கதவையும் சாத்தி நடுவுல இடுக்கு விட்ட மாதிரி. அந்த இடுக்குல எல்லாம் நல்லாத் தெரியுது மனாங். வளையம் தெரியுது. அது போதும்."

"போதாது. பெர்லா சொல்றா..."

"தெரியும். நானும் போன்ல படிச்சுப் பார்த்தேன்." தட்டைத் தள்ளினான். "ஆபரேஷன் பண்ணா எனக்கு என்ன மிஞ்சும்? இந்த உயரத்தை வச்சுக்கிட்டுக் கரும்பு சுமக்கவா? அப்பா தோளைப் பாரு. ஒரே ஒரு ஆட்டம். அந்த ஆளு பார்க்கட்டும், வாய் திறந்து சரின்னு சொல்லட்டும். அப்புறம் எங்க வேணா வர்றேன்."

வாசலில் நிழல் விழுந்தது. அப்பா. எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை.

"கண்ணா? ஈரத்தலையோட படுத்தா கண்ணுக்கு ஏறும்னு சொன்னேனா இல்லையா? ஒத்தடம் கொடுத்தாச் சரியாயிடும். நீ என்னடி, ஆட்டத்தன்னைக்குப் பார்த்துப் பயம் காட்டறே?"

"அப்பா, கட்டி..."

"வாயைக் கழுவு! அந்த வார்த்தையை இந்த வீட்டுக்குள்ள கொண்டுவராதே."

ஜூனார் எழுந்தான். தலை உத்தரத்தை உரசியது. தோராவின் இரண்டு தோளையும் பிடித்து, அவளை நகர்த்தித் தன் பார்வைக்கு நேரே நிறுத்திக்கொண்டான்.

"முதல் பாதி மட்டும் மனாங். பாதியோட நானே வெளிய வந்துடறேன்."

அவள் தலையாட்டினாள். பிற்பாடு எத்தனையோ நாள் அவளைத் தூங்கவிடாமல் செய்தது அந்தத் தலையாட்டல்தான்.

மூன்று மணிக்கு மைதானத்தில் எள் போட இடமில்லை. கூரை உண்டு, சுவர் கிடையாது. நாலு பக்கமும் வெயில். கரும்புத் தோட்டத்தை எரித்த சாம்பல் காற்றில் பறந்து சட்டையில் ஒட்டியது. மைக் பிடித்தவன் வழக்கம்போல ஆட்டத்தைவிட அதிகம் ஆடினான்.

"வந்துட்டார்யா நம்ம தோர்ரே, நம்ம கோபுரம்! கைக்கு எண்ணெய் போட்டுட்டு வந்துட்டார்! பந்து போடறவங்க தாம்பாளத்துல வச்சுக் கொடுங்கப்பா!"

கூட்டம் சிரித்தது. ஆலையின் ஆள்கள்தான், சொந்த ஊர்க்காரர்கள்தான்.

புள்ளி எழுதும் மேசையில் தோரா தன் நோட்டை விரித்தாள். பக்கத்து நாற்காலியில் அல்காந்தாரா. இஸ்திரி கலையாத சட்டை, அமைதியான குரல்.

கோச்சிடம் அவள் ஆட்டம் தொடங்கும் முன்பே, காரணத்தை மறைத்து, சொல்லிப் பார்த்தாள். "அவனை இறக்காதீங்க சார்" என்றாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "போன வாரம் நீதானேம்மா அவன் இல்லேன்னா கதையில்லேன்னே? இப்ப மனிலாக்காரர் முன்னாடி எனக்கு என்ன பாடம்?"

அவள் போட்ட எடை அவளுக்கே எதிராக நின்றது.

முதல் பாதியில் ஜூனார் இரண்டே புள்ளி போட்டான். நாலு பந்தைத் தவறவிட்டான். ஒம்பாய் "தோர்ரே! தோர்ரே!" என்று தொண்டை கிழியக் கத்தினான். கூட்டமும் சேர்ந்து கத்தியதும் அவன் குரல் அதில் அமுங்கிப்போனது. ஆனால் எதிரணியில் எவனும் வளையத்தடியில் நிற்கவில்லை. வந்த இரண்டு பேரின் பந்தையும் ஜூனார் ஈ அடிப்பதுபோல அடித்துத் தள்ளினான். அவனை மறிக்க எப்போதும் இரண்டு பேர் நின்றார்கள். ஆலை அணியின் மற்றவர்கள் மறிக்க ஆளில்லாமல் நின்று புள்ளி குவித்தார்கள்.

"ரெண்டு புள்ளி, நாலு தவறு. காகிதத்துல பார்த்தா இவனை வீட்டுக்கு அனுப்பணும்" என்றார் அல்காந்தாரா. "உங்க நோட்டு என்ன சொல்லுது?"

தோரா நோட்டில் விரல் வைத்துப் படித்தாள். "அவன் உள்ளே இருந்தப்ப பதினொண்ணு கூட. இல்லாதப்ப அஞ்சு குறைவு."

அவர் மெல்லத் தலையசைத்தார். "ஊர் முழுக்கச் சிரிக்குது. ஒருத்தர் மட்டும் சரியா எண்ணியிருக்கீங்க. நான் இவனை எடுத்துக்கறேன்."

இத்தனை வருஷம் அந்தக் குடும்பத்தில் எவரும் கேட்காத வார்த்தை. எதிர்ப் பக்கத்தில் அப்பா யாரையோ கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அது கேட்டிருக்க வழியில்லை. மனிலாக்காரரின் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

இரண்டாம் பாதி. ஐவரில் ஒருவனாக ஜூனார் எழுந்து வந்தான். மேசைப் பக்கம் திரும்பவே இல்லை.

தோரா ஆட்டத்தை நிறுத்தும் ஹாரன் பொத்தானின்மேல் கை வைத்தாள். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது அதை அழுத்தக் கூடாது. இந்த மேசையில் உட்கார்ந்த எட்டு வருஷத்தில் ஒருதரம்கூட அவள் அப்படி அழுத்தியதில்லை. சரி, பந்து வெளியே போகட்டும், அப்போது அழுத்தலாம் என்று நினைத்தாள். அல்காந்தாரா சொன்ன வார்த்தை காதில் இன்னும் சூடாக இருந்தது. ஒரே ஒரு வீச்சு. இது முடியட்டும்.

எதிரணியின் தடியன் ஒருவன் இடப்பக்கமிருந்து ஓடிவந்தான். மைதானம் முழுக்கப் பார்த்தது. ஜூனார் மட்டும் பார்க்கவில்லை. முழங்கை அவன் பொட்டில் இடித்தது. பெரிய அடி இல்லை. அதைவிடப் பெரிய அடி வாங்கி அவன் சிரித்திருக்கிறான். ஒரு முழங்காலில் இறங்கினான்.

தோரா பொத்தானை அழுத்தினாள். கையை எடுக்கவில்லை. ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது.

"என்னாச்சு மேசைக்கு? கரும்பு லாரின்னு நினைச்சுட்டாங்களா?" என்றது மைக்.

அவள் எழுந்து அம்புகள் போட்ட தாளை அல்காந்தாராவின் மடியில் வைத்தாள். "அவனுக்குப் பக்கவாட்டுப் பார்வை இல்லே சார். ரெண்டு பக்கமும். தலைக்குள்ள கட்டி இருக்குன்னு சந்தேகம். நான் காலையிலேயே கண்டுபிடிச்சேன். தெரிஞ்சே ஆடவிட்டேன்."

அவர் தாளைப் பார்த்தார். நாற்பத்தொரு அம்பு. அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சி போனது. கோச்சைப் பார்த்துக் கை காட்டினார். "அவனை உட்கார வையுங்க. உடனே."

ஒம்பாய் ஜூனாரின் இடுப்பைப் பிடித்து பெஞ்சுக்குக் கூட்டிவந்தான். அவன் நடந்துதான் வந்தான். உட்கார்ந்து, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டான்.

அதற்குள் அப்பா களத்தின் குறுக்கே ஓடிவந்துவிட்டார். நடுவர் தடுத்தும் நிற்கவில்லை. "என்னடி சொன்னே அவர்கிட்ட? என்னத்தச் சொன்னே? கூடப் பிறந்தவனோட சோத்துல மண்ணைப் போட்டுட்டியேடி! நாற்பது வருஷம், நாற்பது வருஷம் இந்தத் தோள்..."

"அப்பா" என்றான் ஜூனார்.

"நீ சும்மா இரு! இவளை நான்..."

"அப்பா. தலை வெடிக்குது." அவன் துண்டை எடுத்தான். கண்கள் அகலத் திறந்திருந்தன. மாலை வெயில் சாய்வாக வந்து அவன் முகத்திலேயே விழுந்தது. அவன் கண்ணைச் சுருக்கவில்லை. "கரண்ட் போயிடுச்சா?"

மைக் கத்திக்கொண்டிருந்தது. புள்ளிப் பலகையில் சிவப்பு எண்கள் எரிந்துகொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற ஒம்பாய் வாயைப் பொத்திக்கொண்டான்.

கிறிஸ்புலோ மகனைப் பார்த்தார். கையை மெல்ல உயர்த்தி அவன் முகத்துக்கு நேரே, மூக்குக்கு நேரே ஆட்டினார். நடுவிலும் ஒன்றுமில்லை. அந்தக் கை அப்படியே இறங்கி மகனின் முழங்காலில் உட்கார்ந்தது. கிழவர் தரையில் மண்டியிட்டார். இப்போது வந்த குரலைத் தோரா அவரிடம் கேட்டதே இல்லை.

"ஆமாண்டா தொத்தோ. போயிடுச்சு. ஊர் பூரா போயிடுச்சு. இரு, வந்துடும்."

ஜூனார் தலையை ஆட்டினான். அப்பாவின் தோளில் சாய்ந்து வாந்தியெடுத்தான்.

அல்காந்தாரா காரின் சாவியோடு ஓடினார். தோரா நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினாள். பகோலோட்டுக்கு ஒன்றரை மணி நேரம். அதற்கு இருப்பது ஒரே ரோடு. கோயிலிலிருந்து ஆலை வாசல் வரை அதை அடைத்துக்கொண்டு, என்ஜினை அணைத்து, தங்கள் முறைக்காகக் காத்து நின்றன கரும்பு லாரிகள்.